அடிக்கும் முன் ஓர் அடி

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 13 வயது. உயர்நிலை ஒன்றில் படிக்கிறான். எடை 41 கிலோ. ரக்பியை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறான். நான் புதுக்கோட்டைப் பக்கம் கபடி ஆடி வளர்ந்தவன். இங்கே சிங்கப்பூர் வந்து 16 வருஷம் ஆகிறது. சனிக்கிழமை காலையில் அவன் ஆடும் குழுவில் பயிற்சியாளருக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறேன். ஓட்டம், பந்து கடத்துவது எல்லாம் பையனுக்கு நன்றாக வருகிறது. டேக்கிள், அதாவது பந்தோடு ஓடிவருகிறவனைப் பிடித்துக் கீழே வீழ்த்துவது என்றால் மட்டும் கடைசி நொடியில் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டு பாய்கிறான். ஊரில் நான் பிடித்த கால் பிடியைச் சொல்லிக்கொடுத்தேன். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை அப்படிப் பாய்ந்து, எதிராளியின் முழங்காலில் தலையை இடித்துக்கொண்டான். எழுந்து நின்றவன் ‘ஸ்கோர் என்னப்பா’ என்று மூன்று முறை கேட்டான். சாயங்காலம் தலைவலி என்றான். மறுநாள் சரியாகிவிட்டது. போன சனிக்கிழமையும் ஆடினான், ஆனால் முன்பைவிடப் பயம். பயிற்சியாளர் ‘பயப்படாதே, அடி!’ என்று சத்தம் போடுகிறார். பெரிய பையன்களோடு மோதவிட்டால் பயம் தெளியும் என்கிறார் நண்பர். மனைவி ரக்பியே வேண்டாம் என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
(செங்காங் வாசகர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

பதில்:

தம்பி, டேக்கிளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் ‘ஸ்கோர் என்னப்பா’ என்று பிள்ளை மூன்று முறை கேட்டதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இன்றைக்கே அவனை மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்ப மருத்துவரானாலும் சரி, பாலிகிளினிக்கானாலும் சரி. எந்த நாள், எப்படி இடித்தது, என்ன கேட்டான், தலைவலி எவ்வளவு நேரம் இருந்தது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். நான் பயிற்சியாளன், மருத்துவன் இல்லை. ஆனாலும் தலையில் இடிபட்டவன் கேட்டதையே திரும்பக் கேட்டால் மூளை அதிர்வு என்று எடுத்துக்கொண்டு, அந்த நிமிஷமே வெளியே கூட்டிவர வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்வு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு மயக்கமே வராது. இனி எப்போதாவது தலையில் அடிபட்டபின் தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ காத்திருக்காதீர்கள், 995-ஐ அழையுங்கள்.

மறுநாள் தலைவலி போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணினீர்கள். எந்தத் தகப்பனும் அப்படித்தான் எண்ணுவார். ஆனால் ஏழே நாளில் அவன் திரும்ப மோதியிருக்கிறான். ஆறாத மூளைமேல் இரண்டாவது இடி விழுந்தால், வளரும் பிள்ளைகளுக்கு அரிதாக உயிருக்கே ஆபத்தாகும் வீக்கம் வரலாம். 2011-இல் வட அயர்லாந்தில் 14 வயது மாணவன் ஒருவன் பள்ளி ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டபிறகும் தொடர்ந்து ஆடி, மறுபடி அடிபட்டு இறந்தான். உங்களைக் கலங்கடிக்க இதைச் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் எந்தப் பையனையும் ‘கொஞ்சம் பார்ப்போம்’ என்று திடலில் விட்டதில்லை. பள்ளியிலும் குழுக்களிலும் ஆடுகிறவர்கள் அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 21 நாள் போட்டிக்குத் திரும்பக் கூடாது. அதற்குள்ளும் முதலில் வகுப்பில் தலைவலி இல்லாமல் உட்கார வேண்டும், பிறகு நடை, பிறகு ஓட்டம், பிறகு பந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மோதல். பள்ளிப் பயிற்சியாளரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை நடந்தது செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் இருப்பவருக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய ஓட்டை.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு 15 வயதில் இதே கதை நடந்தது. மழை விட்ட திடல், எதிரே என்னைவிட ஒரு தலை உயரமானவன். தலையைத் தவறான பக்கம் வைத்துப் பாய்ந்தேன். அவன் இடுப்பெலும்பு என் காதுக்குமேல் இடித்தது. பயிற்சியாளர் முகத்தில் தண்ணீர் அடித்து, ‘ஒன்றுமில்லை, போ’ என்றார். மறுபாதி ஆட்டம் எனக்கு இன்றுவரை நினைவில் இல்லை. அன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ‘அம்மா, சோறு போடும்மா, பசிக்குது’ என்றேனாம். அம்மா என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அழ ஆரம்பித்துவிட்டார். அந்த அழுகை மட்டும் நினைவிருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் மகனின் பயத்தை நீங்கள் எல்லோரும் நோயாகப் பார்க்கிறீர்கள். எனக்கு அது அறிகுறியாகத்தான் தெரிகிறது. அவன் கால் சரியான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. எதிராளிக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும்போதே டேக்கிளைத் தொடங்கிவிடுகிறான். அங்கிருந்து எட்டிப் பிடிக்க வேண்டுமானால் பாய வேண்டும். பாய்ந்தால் இடுப்பு மடங்கும், தலைதான் முதலில் போகும். தலை முதலில் போகிறது என்று தெரிந்தால் யாருடைய கண்ணும் தானாக மூடிக்கொள்ளும். கண்ணை மூடாதே, பயப்படாதே என்று எத்தனை முறை கத்தினாலும் கால் அங்கேயே நிற்கும்வரை ஒன்றும் மாறாது.

‘அடி’ என்றால் நமக்கு மோதல் மட்டுமா? பாதமும் அடிதான், ஓர் எட்டு வைப்பதும் அடிதான். பயிற்சியாளர் ஒரு பொருளில் கத்துகிறார், பையனுக்குத் தேவைப்படுவது மற்றப் பொருள். கடைசி ஓர் அடியை எதிராளியின் இரண்டு பாதங்களுக்கு அருகே வைத்துவிட்டான் என்றால் டேக்கிளில் பாதி முடிந்தது. அப்புறம் பாய வேண்டியதே இல்லை, தோள் தானாகப் போய் ஒட்டும்.

இதை நான் பழக்குவது ஒரு சிலிப்பரை வைத்து. பந்தை வைத்திருப்பவன் அசையாமல் நிற்கிறான். அவன் பாதங்களுக்குச் சற்று முன்னால் ஒரு ரப்பர் சிலிப்பரைப் போடுகிறேன். டேக்கிள் செய்கிறவன் நாலு எட்டுத் தள்ளியிருந்து நடந்து வர வேண்டும், ஓடக் கூடாது. தோள் படுவதற்கு முன்னால் பாதம் சிலிப்பரை மிதித்தாக வேண்டும். வலது தோளால் பிடிக்கிறான் என்றால் மிதிப்பதும் வலது பாதம்தான். கேட்கும்போது எளிதாக இருக்கிறதல்லவா? முதல் நாள் பத்துப் பையன்களில் ஏழு பேர் சிலிப்பருக்கு ஒரு முழம் முன்னாலேயே சாய்ந்துவிடுவார்கள். அந்த ஒரு முழத்தில்தான் அவர்களுடைய பயம் முழுவதும் இருக்கிறது. இரண்டு வாரத்தில் அந்த முழம் சாணாகும், பிறகு விரற்கடையாகும். அப்போது ‘கோச், இப்ப வலிக்கவே இல்லை’ என்று ஒருவன் வந்து நிற்பான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

சிலிப்பருக்கும் முன்னால் ஒரு படி உண்டு. மகன் ஒரு முழங்காலைப் புல்லில் ஊன்றி, மறு பாதத்தை முன்னால் வைத்து நிற்கட்டும். நீங்கள் பந்தோடு மெல்ல நடந்து அவன் தோளுக்கு வாருங்கள். விழுவது கொஞ்ச உயரத்திலிருந்துதான் என்பதால் உடம்புக்கு அச்சம் இருக்காது. கன்னம் எங்கே ஒட்டுகிறது, கை எப்படி மூடுகிறது என்று கவனிக்க அவனுக்கு நேரம் கிடைக்கும். இதெல்லாம் மருத்துவர் மோதலுக்குச் சம்மதித்த பிறகு, புல்தரையில் மட்டும். புளோக் கீழ்த்தளத்து சிமெண்டில் வேண்டவே வேண்டாம்.

குனிவதைப் பற்றி. ‘லோ, லோ’ என்று நாம் கத்தினால் பிள்ளைகள் முதுகை மடக்கித் தலையைத் தாழ்த்துகிறார்கள். கண் புல்லைப் பார்க்கிறது, கழுத்து நீண்டு கொடுக்கிறது. எங்கள் குழுவில் இருக்கும் தமிழ்ப் பையன்களிடம் நான் ‘தோப்புக்கரணம்’ என்பேன். சிலோன் சாலை விநாயகர் கோவிலில் தோப்புக்கரணம் போடும்போது கண் எங்கே இருக்கிறது? சாமிமேல். முதுகு நேராக இருக்கும், மடங்குவது முழங்காலும் இடுப்பும்தான். மோவாய் தரையை நோக்காது. டேக்கிளுக்குத் தேவையான உயரம் அதுவேதான், பாதிவரை இறங்கினால் போதும். சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும்கூட இப்போது திடலில் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கண் எதைப் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லிக்கொடுங்கள். எதிராளியின் முகமும் தோளும் பந்தும் ஏமாற்றும். அவன் காற்சட்டையின் இடுப்புப் பகுதி ஏமாற்றாது, உடம்பு அதோடுதான் போயாக வேண்டும். அந்தத் துணியில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, தோள் படும்வரை அதையே பார்க்கட்டும்.

அடுத்தது தலை. இதில் நான் ஒரு மயிரிழையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். எதிராளி உங்கள் மகனின் வலப்பக்கம் ஓடினால் வலது தோளால் பிடிக்க வேண்டும், தலை எதிராளியின் பின்பக்கம் போக வேண்டும். கன்னம் அவன் பிட்டத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இடது தோளைக் கொடுத்தால் தலை அவனுக்குக் குறுக்கே முன்னால் போய்விடும். அவன் இடுப்பு, முழங்கால், மொத்த எடை எல்லாம் அந்தத் தலைமேல் வரும். ஜப்பானில் 3,970 டேக்கிள்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். தலையைத் தவறான பக்கம் வைத்த டேக்கிள்களில் ஆயிரத்துக்கு 69 தலை, கழுத்துக் காயங்கள். சரியான பக்கம் வைத்தவற்றில் ஆயிரத்துக்கு மூன்றுகூட இல்லை. ஏறக்குறைய 25 மடங்கு வித்தியாசம். தலை எந்தப் பக்கம் என்ற ஒரே பழக்கத்தில் இவ்வளவு இருக்கிறது. பெற்றோர் பலர் பந்தோடு ஓடுகிறவனுக்குத்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். தொழில்முறை ஆட்டங்களை உலக ரக்பி அமைப்பு ஆராய்ந்தபோது, டேக்கிளில் ஏற்பட்ட தலைக்காயச் சம்பவங்களில் 72 சதவீதம் டேக்கிள் செய்தவருக்கே நேர்ந்திருந்தது தெரியவந்தது. நிமிர்ந்து நின்று மோதியவர்களுக்குத்தான் அதிகம்.

கைகள் மோதலுக்கு முன்பே மார்புக்கு முன்னால் வந்துவிட வேண்டும், முழங்கை விலாவை ஒட்டி. இரு பக்கமும் அகல விரித்துக்கொண்டு போனால் தோள்மூட்டு கழன்றுவிடும். தோள் பட்ட அதே கணத்தில் இரண்டு கையும் மூடிக்கொள்ள வேண்டும், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்து கிடைத்த தம்பியை வாரி அணைப்பதுபோல. அணைத்தபின் கால் நிற்கக் கூடாது, குட்டி குட்டியாக ஐந்து எட்டு வைக்க வேண்டும். விழுந்ததும் பிடியை விட்டு எழுந்துவிட வேண்டும், அது விதி.

உங்கள் கபடிக்கு வருகிறேன். மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று மனம் நோக வேண்டாம். கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாடி வருகிறவர் ஒரு காலை நீட்டித் தொடப் பார்ப்பார், நீங்கள் அந்தக் காலுக்காகக் காத்திருந்து கணுக்காலை அள்ளுவீர்கள். ரக்பியில் அந்தக் கால் நீட்டப்பட்ட காலாக இருக்காது. 60 கிலோ பையன் இருபது மீட்டர் ஓடிவரும் வேகத்தில் மேலும் கீழும் அடித்துக்கொண்டு வரும் முழங்காலாக இருக்கும். அங்கே தலையைக் கொண்டுபோவது, உரலில் உலக்கை விழும் நேரத்தில் கையை விடுவது மாதிரி. கால் பிடியை இன்றோடு மறக்கச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் தொடைப் பிடியை அவனுக்குக் கட்டாயம் கொடுங்கள்! கன்னத்தைத் தொடையில் ஒட்டி, இரண்டு கையையும் கோத்து இறுக்கி, ஆளை மேலே கிளம்பவிடாமல் மடக்குவீர்களே, அதைவிட நல்ல ரக்பி டேக்கிளை நான் பார்த்ததில்லை. கபடியில் மூலையில் நிற்கிறவர் ஆளைக் கோட்டுப் பக்கம் ஒதுக்கிக் கொண்டுபோகும் சூட்சுமமும் இங்கே அப்படியே பலிக்கும். உள்பக்கத்திலிருந்து நெருங்கி எதிராளிக்கு ஒரே வழியை விட்டுவைத்தால், அவன் எந்தப் பக்கம் வருவான், எந்தத் தோளைக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க அந்தத் திடலில் உங்களைவிடத் தகுந்த ஆள் இருக்க வாய்ப்பில்லை.

எவ்வளவு உயரத்தில் பிடிப்பது? தோள்பட்டைக் கோட்டுக்கு மேலே போனால் எங்கும் தண்டனைதான். 2023 முதல் இங்கிலாந்து உட்படப் பல நாடுகளில் தொழில்முறை அல்லாத சமூக நிலை ஆட்டத்தில் நெஞ்செலும்பின் அடிநுனிக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும் என்று கோட்டை இறக்கியிருக்கிறார்கள். நான் அதற்கும் கீழே, தொப்புளுக்கும் தொடைக்கும் நடுவே பழக்குகிறேன். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் அவனைக் காக்கும். 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தைப் பாருங்கள். நியூசிலாந்து அணித் தலைவர் சாம் கேன் நிமிர்ந்த உடம்போடு போய் எதிராளியின் தலையில் பட்டு, சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அதே ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர் ஸ்டெப் டு டோய்ட் இரண்டு மீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் மடங்கி இறங்கி 28 டேக்கிள் செய்தார். தென்னாப்பிரிக்கா ஒரே புள்ளி வித்தியாசத்தில், 12-11, வென்றது. வீட்டில் மகனோடு உட்கார்ந்து டு டோய்ட்டின் காலை மட்டும் பார்த்துக்கொண்டு வாருங்கள், பந்தை விட்டுவிடுங்கள்.

பெரிய பையன்களோடு மோதவிடலாமா என்ற யோசனைக்கு என் பதில்: கூடாது. நீச்சல் தெரியாதவனை ஆழத்தில் தள்ளினால் அவன் கற்றுக்கொள்வது நீச்சலை அல்ல, தண்ணீர் பயத்தை. நியூசிலாந்தின் சில வட்டாரங்களில் சிறுவர்களை வயதோடு எடையும் பார்த்தே பிரிக்கிறார்கள். உங்கள் மகனுக்கு முதல் மாதம் 38-லிருந்து 45 கிலோ வரையுள்ள பையன்கள் போதும். 41 கிலோ ஒரு குறையும் இல்லை. தென்னாப்பிரிக்க வீரர் செஸ்லின் கோல்பி 1.71 மீட்டர் உயரம்தான், இரண்டு உலகக் கிண்ணம் வென்றுவிட்டார்.

மோதல் பயிற்சியைக் குறையுங்கள் என்றும் பயிற்சியாளரிடம் பேச வேண்டியிருக்கும். முழு வேகத்தில் மோதுவது வாரத்துக்கு 15 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்பதுதான் தொழில்முறை வீரர்களுக்கே 2021-இல் உலக ரக்பி அமைப்பு சொன்ன அளவு. பதின்மூன்று வயதுக்கு அதிலும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரமும் பயிற்சியின் தொடக்கத்தில், உடம்பு சூடேறியதும் வர வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடியபின் யாருக்கும் முழங்கால் மடங்காது, முதுகுதான் மடங்கும். மின்னல் எச்சரிக்கைக்காக அரை மணி நேரம் கூரையடியில் ஒதுங்கி உட்கார்ந்துவிட்டு வந்தவர்களை நேராக மோதவிடுவதும் அப்படித்தான். ஆக்டிவேட் என்று ஓர் உடல்சூடு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது, கழுத்துக்கான பயிற்சிகளும் அதில் உண்டு, 20 நிமிஷம் ஆகும். இங்கிலாந்துப் பள்ளிகளில் 14 முதல் 18 வயதுப் பையன்களிடம் சோதித்தபோது, வாரத்துக்கு மூன்று முறை செய்த அணிகளில் மூளை அதிர்வு 59 சதவீதம் குறைந்திருந்தது. காசு செலவில்லாத மருந்து இது. பலர் 80, 100 வெள்ளி கொடுத்து மென்தொப்பி வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது காதுச் சிராய்ப்பைத் தடுக்கும், மூளை அதிர்வைத் தடுக்காது. பல் காப்பு பல்லைக் காக்கும், அது கட்டாயம் வேண்டும்.

பயிற்சியாளரிடம் பேசும்போது குற்றம் சொல்லும் குரலில் போகாதீர்கள். அவருக்கும் அப்படித்தான் யாரோ கத்திச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ‘கோச், அடி என்பதற்குப் பதிலாக கால் என்று கத்திப் பார்க்கலாமா’ என்று கேளுங்கள். நல்ல மனிதர் என்றால் இரண்டாவது வாரமே வித்தியாசத்தைப் பார்த்துவிடுவார்.

உங்கள் மனைவி சொல்வதை ஒதுக்கிவைக்க வேண்டாம். திடலில் நின்ற உங்கள் எல்லோரையும்விட அவர்தான் சரியாகப் பார்த்திருக்கிறார். மருத்துவர் வேண்டாம் என்றாலோ, மகனே மனமில்லை என்றாலோ அத்தோடு விட்டுவிடுங்கள். தொடு ரக்பி இருக்கிறது, அதில் ஆளை வீழ்த்த வேண்டாம், தொட்டாலே போதும், இங்கே ஆணும் பெண்ணும் பெரியவர்களும்கூட ஆடுகிறார்கள், அவனுடைய ஓட்டம் வீணாகாது. மருத்துவர் சம்மதித்து, அவனும் ஆசைப்பட்டால், சிலிப்பரோடு தொடங்கும் முதல் சனிக்கிழமை மனைவியையும் கூட்டிவாருங்கள். ஓரத்தில் நின்று மகனின் கண்ணை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பத்து டேக்கிளில் எத்தனைக்கு அது திறந்திருந்தது என்று அவர் எண்ணிச் சொல்லட்டும். பத்தில் எட்டு வரும்வரை நடைதான், ஓட்டம் வேண்டாம்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று மட்டும் எனக்கு உடனே ஒரு வரி எழுதிப் போடுங்கள், தம்பி.